வயலிலிருந்து பந்தயத் தடத்துக்கு: ஜிம் கிளார்க் 20 வயதில் எப்படித் தொடங்கினார்?

கேள்வி: சேரன்மகாதேவி உழவன்

அனைவருக்கும் வணக்கம். நான் சேரன்மகாதேவிக்கு அருகே கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் பயிரிடும் விவசாயி. கார் பந்தயத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன்பு வரை தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் ஏற்பட்டதில்லை. கோயம்புத்தூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, பந்தயக் கார் ஓட்டப் பயிற்சி எடுக்க விரும்புவதாகச் சொன்னான். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் மறுத்துவிட்டேன்.

அவன் என்னோடு சண்டை போடவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் தன் கைபேசியில் ஒரு படத்தை எடுத்து என் கையில் கொடுத்தான். ஸ்காட்லாந்தில் சர்ன்சைடு என்னும் சிற்றூரில் உள்ள ஒரு கல்லறையின் படம் அது. ஜிம் கிளார்க் என்ற பெயருக்குக் கீழே முதலில் 'விவசாயி' என்று பொறித்திருக்கிறார்கள். 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் அவர் கார் பந்தயத்தில் உலக சாம்பியன் என்பதை அதற்கு அடுத்த இடத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். "இவரும் விவசாயி மகன்தான் அப்பா, இவர் முதல் பந்தயம் ஓட்டியபோது வயது 20, இவர் வீட்டிலும் சம்மதிக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டான். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பயிற்சி தரும் ஒரு நிலையத்தில் விசாரித்தபோது, எட்டு வயதில் கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியில் ஏறாதவன் இருபது வயதில் வந்து பயனில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். என் மகன் சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஆகவே விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். கிளார்க் உண்மையிலேயே அந்த வயதில்தான் தொடங்கினாரா? அவருக்குக் காரும் பணமும் எங்கிருந்து வந்தன? வீட்டாரின் எதிர்ப்பு என்ன ஆயிற்று? அவர் சாம்பியன் ஆன பிறகு நடந்தவை எனக்கு வேண்டாம். அதற்கு முந்தைய சில ஆண்டுகளைப் பற்றி மட்டும் சொன்னால் போதும்.

பதில்: பாளை மெக்கானிக்

தம்பி, உங்கள் மகன் சொன்னது உண்மைதான். நான் பாளையங்கோட்டையில் நாற்பது ஆண்டுகள் பட்டறை நடத்தியவன். கிளார்க்கின் கதையை என் பட்டறையில் வேலை பழக வந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜிம் கிளார்க் 1936 மார்ச் 4 அன்று ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் கில்மனி என்ற ஊரில் பிறந்தார். நான்கு அக்காள்மாருக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண் பிள்ளை. 1942-இல் குடும்பம் தெற்கே, இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பெரிக்ஷயரில் எடிங்டன் மெயின்ஸ் என்ற பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பண்ணை அது. பயிரும் உண்டு, ஆடு மாடுகளும் உண்டு. நம் பக்கத்து அளவில் வைத்து அவரை ஏழை விவசாயி என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்கிறேன். ஆனால் அந்தப் பண்ணையிலிருந்து பந்தயத்துக்கென்று யாரும் பணத்தை எடுத்துக் கொடுக்கவில்லை. தாத்தாவும் பெரியவர் ஒருவரும் அடுத்தடுத்து இறந்துபோனதால், 16 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுப் பண்ணை வேலைக்கு வந்துவிட்டார். ஒரே மகன் என்பதால் நிலமும் பொறுப்பும் அவர் தோளில்தான் இறங்கப் போகின்றன என்பது ஊருக்கே தெரிந்த செய்தி. பெற்றோரின் எதிர்ப்புக்கு இதுவே அடிப்படை என்று நான் நினைக்கிறேன்.

கார் ஓட்டும் பழக்கம் அவருக்குப் பண்ணைக்குள்ளேயே சிறுவயதில் வந்துவிட்டது. டிராக்டரையும் பழைய காரையும் வரப்போர மண்பாதைகளில் ஓட்டிப் பழகியவர். அக்காள்மாரில் ஒருவரை மணந்த அலெக் கால்டர் பந்தயங்களில் கலந்துகொள்பவர். அந்த வட்டாரத்து இளைஞர்கள் சேர்ந்து நடத்திய மோட்டார் கிளப் ஒன்றும் இருந்தது. அதன் சிறு போட்டிகளில் குடும்பத்தின் சன்பீம் டால்பட் காரை ஓட்டியதுதான் தொடக்கம். அந்த வட்டத்தில் நண்பரானவர்தான் இயன் ஸ்காட் வாட்சன், அவரும் அக்கம்பக்கத்து விவசாயியே. அவரிடம் டிகேடபிள்யூ சோண்டர்கிளாஸ் என்ற ஜெர்மன் கார் ஒன்று இருந்தது. 1956 ஜூனில், வடகிழக்குக் கோடியில் உள்ள கிரைமண்ட் என்ற இடத்தில் நடந்த பந்தயத்துக்கு இருவரும் அதை ஓட்டிக்கொண்டே போனார்கள். பந்தயத்தில் ஓட்டப்போவது ஸ்காட் வாட்சன் என்றுதான் பேச்சு. அங்கே போனதும் அவர் தன் காரைக் கிளார்க்கிடம் கொடுத்து, இன்னொரு பந்தயத்தில் நீ ஓட்டு என்றார். கிளார்க்கின் வீட்டுக்கு இது தெரியாது. பந்தயத்தில் சொல்லும்படியான இடம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அதே காரில், அதே தடத்தில், காரின் சொந்தக்காரரைவிட ஒரு சுற்றுக்குச் சில நொடிகள் விரைவாகச் சுற்றி வந்திருந்தார் கிளார்க். அதைக் கவனித்தவர் ஸ்காட் வாட்சன். அன்றைக்கே அவர் மனத்தில் ஒரு முடிவு விழுந்துவிட்டது.

இந்த டிகேடபிள்யூ காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. அது மூன்று சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 900 சிசிக்குச் சற்றுக் குறைவு, முன் சக்கர இழுவை. எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக் பைக் ஓட்டிய தலைமுறைக்கு இது புரியும்: ஆக்சிலேட்டரைத் தளர்த்தினால் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைப் போல அது வண்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தாது, அதோடு பெட்ரோல் குறையும்போது எஞ்சினுக்குள் போகும் எண்ணெயும் குறைந்துவிடும். இதற்காகவே அந்தக் காரில், ஆக்சிலேட்டரை விட்டதும் சக்கரங்களை எஞ்சினிலிருந்து பிரித்துத் தாமாக உருளவிடும் ஃப்ரீவீல் என்ற ஏற்பாடு வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட காரில் வேகத்தை இழந்துவிட்டால் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொண்டு, சேர்த்த வேகத்தைச் சிந்தாமல் வளைவுக்குள் கொண்டுபோய் வெளியே எடுக்க வேண்டும். என் பட்டறைக்கு வரும் டூ ஸ்ட்ரோக் பைக்குகளில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே, ஓட்டுகிறவர் முறுக்கி முறுக்கி விடுகிறவரா, நிதானமாக ஓட்டுகிறவரா என்று பாதி தெரிந்துவிடும். பின்னாளில் லோட்டஸ் அணியின் மெக்கானிக்குகள் கிளார்க்கின் காரில் பிரேக் பேடுகளும் டயர்களும் மற்றவர்களுடையதைவிடக் குறைவாகத் தேய்ந்திருப்பதைக் கண்டு வியந்தார்கள். அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டால், நான் பண்ணைப் பாதையையும் இந்த டூ ஸ்ட்ரோக்கையும்தான் காட்டுவேன்.

அதன்பிறகு ஸ்காட் வாட்சன் ஒரு போர்ஷே 1600 வாங்கினார். 1957-இல் அதை ஓட்டித்தான் சார்ட்டர்ஹாலில் கிளார்க் முதல் வெற்றியைப் பெற்றார். 1958-இல் வட்டாரத்து ஆட்கள் சேர்ந்து பார்டர் ரீவர்ஸ் என்ற அணியைத் திரும்ப எழுப்பி, அவருக்காக வெள்ளை நிற ஜாகுவார் டி-டைப் ஒன்றை வாங்கினார்கள். இவ்வளவு வேகமான கார் தனக்கு எதற்கு என்று கிளார்க் முதலில் தயங்கினார். ஏப்ரலில் யார்க்ஷயரின் ஃபுல் சட்டனில் அதே காரை ஓட்டி, ஒரு சுற்றின் சராசரி வேகத்தை மணிக்கு 100 மைலுக்கு மேல் கொண்டுபோனார். அந்த ஓராண்டில் மட்டும் அவர் வென்ற சிறுபந்தயங்கள் 18.

எட்டு வயதுக் கணக்கு இன்றைய நிலவரத்துக்கு ஓரளவு பொருந்தும். லூயிஸ் ஹாமில்டன் எட்டு வயதில் கார்ட் ஓட்டத் தொடங்கியவர்தான். அதை எல்லாக் காலத்துக்கும் எல்லாருக்கும் விதியாகச் சொன்னவர்களை நம்ப வேண்டாம்.

பதில்: கரிசல்காட்டு வாசகன்

பாளை அண்ணாச்சி எழுதியதில் ஒரு சொல்லையும் மறுக்கவில்லை. ஆனால் கேட்டவரின் இரண்டாவது கேள்விக்கு, அதாவது காரும் பணமும் எங்கிருந்து வந்தன என்பதற்கு, இன்னும் அழுத்தமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கிளார்க்கின் திறமையை விவரிக்கிறவர்கள் பலரும் ஸ்காட் வாட்சனை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளை ஒட்டி நடக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த உறவு உடனே விளங்கும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று எந்தப் பிரிவாக இருந்தாலும் மாட்டின் சொந்தக்காரர் ஒருவர், கயிற்றைப் பிடிக்கும் சாரதி வேறொருவர். பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் வைத்து, ஆற்று மணலில் நடை பழக்கி, ஆண்டெல்லாம் செலவழித்து வளர்த்தவர், பந்தய நாளில் தன் ஆசையை அடக்கிக்கொண்டு, தன்னைவிட நன்றாக ஓட்டுகிறவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் பின்னால் பைக்கில் கத்திக்கொண்டே வருவார். ஸ்காட் வாட்சன் செய்தது இதுதான். அவரும் ஓட்ட ஆசைப்பட்டவர், கார் அவருடையது, பெட்ரோல் அவருடையது. கிரைமண்டில் கடிகாரம் காட்டிய உண்மையை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு போர்ஷேயையும் அதற்கடுத்த ஆண்டு லோட்டஸ் எலீட்டையும் தன் செலவில் வாங்கி, பதிவுப் படிவங்களை நிரப்பி, தயங்கித் தயங்கி நின்ற நண்பனைத் தள்ளிக்கொண்டு போனார். டி-டைப் வாங்கிய அணிக்குத் தலைமை ஏற்ற ஜாக் மெக்பெயினும் வெளியாள் அல்லர். சர்ன்சைடிலேயே கார் விற்பனை நிலையம் நடத்தியவர்.

அந்த அணியின் பெயரையும் சொல்ல வேண்டும். ரீவர்ஸ் என்பவர்கள் பழங்காலத்தில் ஸ்காட்லாந்து-இங்கிலாந்து எல்லையில் இரவோடு இரவாகப் புகுந்து அடுத்தவர் மாடுகளைக் கவர்ந்து போனவர்கள். வெட்சிப் பூச்சூடி ஆநிரை கவர்ந்த நம் பழம்பாட்டு மறவர்களை நினைத்துக்கொண்டால் பொருத்தமாக இருக்கும். தெற்கே வசதியான அணிகள் இருந்த காலத்தில், எல்லைப்புற விவசாயிகள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பரிசு கவரப் போனார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இன்னொன்று, இடம். கிரைமண்ட், சார்ட்டர்ஹால், ஃபுல் சட்டன் ஆகிய மூன்றும் பந்தயத்துக்கென்று கட்டியவை அல்ல. மூன்றும் இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளங்கள். போர் முடிந்ததும் கான்கிரீட் மட்டும் அப்படியே கிடந்தது. வைக்கோல் போர்களையும் பழைய எண்ணெய்ப் பீப்பாய்களையும் எல்லையாக வைத்து அதில் பந்தயம் நடத்தினார்கள். சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும்கூட அப்படிப் பிறந்தவையே. சார்ட்டர்ஹால் கிளார்க்கின் பண்ணையிலிருந்து காரில் எளிதாகப் போய்வரும் தூரத்தில் இல்லாமல், கடலுக்கு அப்பால் இருந்திருந்தால், அவர் பெயரை இன்றைக்கு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

நம் மாநிலத்திலும் இதே கதை நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து ஓடுதளத்தில்தான் 1950களிலிருந்து பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது; 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகே அது ஓய்ந்தது. எங்கள் கயத்தாற்றுக்குப் பக்கத்திலும் ஒரு பழைய ஓடுதளம் கிடக்கிறது. சிறுவயதில் அதில் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு போய், ஆடிக் காற்றை எதிர்த்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மிதித்திருக்கிறோம். திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். மிதிக்காமலே சைக்கிள் பறக்கும். அந்த ஓடுதளத்துக்கு ஒரு கார் கொண்டுவந்து, இந்தா ஓட்டிப் பார் என்று தருவதற்கு எங்களுக்கு ஓர் அண்ணன் இருக்கவில்லை. கிளார்க்குக்கு இருந்தார். சேரன்மகாதேவி அண்ணாச்சி இதைத்தான் தன் மகனிடம் கேட்க வேண்டும்: உன் ஸ்காட் வாட்சன் யார்?

பதில்: தென்காசி ஆசிரியை

இருவரும் எழுதியதை ஆர்வத்தோடு படித்தேன். ஆனாலும் ஒரு தந்தை தூக்கம் இழந்து கேட்ட கேள்விக்கு, வெற்றிகளை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பதில் தருவது நியாயம் ஆகாது. கிளார்க்கின் தொடக்க ஆண்டுகளில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதை அவரே மறைத்ததில்லை.

ஃபுல் சட்டனில் 100 மைல் வேகத்தைத் தொட்டு ஏறக்குறைய ஆறு வாரம் ஆன நிலையில், 1958 மே மாதம், அவர் முதன்முறையாக வெளிநாட்டுப் பந்தயத்துக்குப் போனார். பெல்ஜியத்தில் ஸ்பா என்ற தடம். அந்நாளில் அது 14 கிலோமீட்டர் நீளம். ஊர்களையும் வீடுகளையும் மரங்களையும் ஒட்டிச் செல்லும் பொதுச் சாலைகளையே மூடிவிட்டு அதில் ஓட்டுவார்கள். தன் கார் வேகமாகத்தான் போகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, மாஸ்டன் கிரெகரி என்ற அமெரிக்கர் தன் லிஸ்டர் ஜாகுவாரில் அவரைக் கடந்து சென்ற விதம், தனக்கு இந்தத் தொழிலே வேண்டாம் என்று எண்ணும் அளவுக்கு அவரைக் கலங்கடித்தது. அதே பந்தயத்தில் ஆர்ச்சி ஸ்காட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் விபத்தில் சிக்கித் தீக்காயம் பட்டு, மறுநாள் இறந்துபோனார். கிளார்க் எட்டாவது இடத்தில் முடித்துவிட்டு ஊர் திரும்பினார். 22 வயது இளைஞர் அவர். வீட்டுக்குப் போய்ப் பெற்றோர் முகத்தை எப்படிப் பார்த்திருப்பார் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாண்டு கழித்து அதே ஸ்பா. 1960 ஜூன் 19, உலக சாம்பியனைத் தீர்மானிக்கும் ஃபார்முலா ஒன் வரிசையில் அவர் ஓட்டிய இரண்டாவது பந்தயம். பயிற்சியின்போதே ஸ்டிர்லிங் மாஸின் லோட்டஸ் காரிலிருந்து சக்கரம் கழன்று அவர் கால்கள் முறிந்தன. பந்தய நாளில் கிறிஸ் பிரிஸ்டோ இறந்தார். சிறிது நேரத்தில் கிளார்க்கின் அணித் தோழர் ஆலன் ஸ்டேசி, முகத்தில் ஒரு பறவை மோதியதால் கட்டுப்பாட்டை இழந்து இறந்தார். பிரிஸ்டோ கிடந்த இடத்தைக் கடந்துதான் கிளார்க் ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் ஐந்தாவதாக வந்து, வாழ்க்கையின் முதல் உலக சாம்பியன்ஷிப் புள்ளிகளைப் பெற்றார். அந்தப் புள்ளிகளை அவர் ஒருநாளும் மகிழ்ச்சியோடு நினைத்ததில்லை. பின்னர் 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு முறை அங்கே வென்ற பிறகும் அந்தத் தடத்தை வெறுப்பதாகவே சொல்லி வந்தார். கடைசியில் 1968 ஏப்ரல் 7 அன்று, ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில், 32 வயதில், அவரையும் ஒரு விபத்துதான் கொண்டுபோயிற்று. உங்கள் மகன் காட்டிய கல்லறை அதனால் எழுந்தது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, அண்ணாச்சி. நான் இயற்பியல் நடத்துகிறவள். எது மாறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஃபார்முலா ஒன் காரில் சீட் பெல்ட் கிடையாது. ஓட்டுநரைச் சுற்றி மெல்லிய குழாய்ச் சட்டமும் அலுமினியத் தகடும் பெட்ரோல் டேங்குகளும்தான் இருந்தன. தடத்தின் ஓரத்தில் வேலியும் இல்லை. இன்றைய கார்பன் ஃபைபர் கூடு, தலைக்கு மேல் ஹேலோ வளையம், ஓரங்களில் அகலமான வெற்றிடம், இவை யாவும் அந்தத் தலைமுறை தன் உயிரால் கொடுத்த விலைக்கு வாங்கியவை. கிளார்க்கின் காலத்தைக் கொண்டு இன்றைய ஆபத்தை அளக்கக் கூடாது. அதேபோல், கிளார்க் பெற்றோரின் எதிர்ப்பைப் பழமைவாதம் என்று உங்கள் மகன் எண்ணிவிடவும் கூடாது. அவர்கள் பயந்ததற்கு முழுக் காரணம் இருந்தது.

கேள்வி கேட்டவர்: சேரன்மகாதேவி உழவன்

டீச்சர், பாளை அண்ணாச்சி, கயத்தாற்றுத் தம்பி, மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன்; டீச்சர் எழுதியதை என் வீட்டம்மாளுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: அந்தப் பிள்ளை நிலத்தை என்ன செய்தான்? 1958-இல் சிறுபந்தயங்களில் ஓட்டியவர் 1960-இல் உலகப் பந்தயத்தில் எப்படி நிற்கிறார் என்பதும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நடுவில் உள்ள ஓராண்டு விடுபட்டதுபோல் இருக்கிறது.

பதில்: பாளை மெக்கானிக்

சரியான இடத்தைப் பிடித்தீர்கள் தம்பி. விடுபட்ட அந்தக் கண்ணி 1958 டிசம்பர் 26, பிராண்ட்ஸ் ஹாட்ச். ஸ்காட் வாட்சன் புதிதாக வாங்கிய லோட்டஸ் எலீட் என்ற சின்ன கார், பத்துச் சுற்று மட்டுமே உள்ள பந்தயம். அதில் அவருக்கு எதிரே அதே மாடல் காரில் நின்றவர் காலின் சாப்மன். லோட்டஸ் கம்பெனியை நிறுவியவர், அந்தக் காரை வடிவமைத்தவர், நல்ல ஓட்டுநரும்கூட. சாப்மன் முதலாவதாக வந்தார், கிளார்க் அவரை ஒட்டி இரண்டாவதாக வந்தார். தான் செய்த காரைத் தன்னோடு ஈடுகொடுத்து ஓட்டிய இந்த ஸ்காட்லாந்துப் பையன் யார் என்று சாப்மன் கவனிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். கிளார்க்கின் வாழ்க்கையில் கிரைமண்டுக்கு அடுத்த திருப்பம் இதுவே என்பது என் கருத்து. தோல்வி என்று பதிவான பந்தயம்தான் அது.

1959-இல் அவர் பெரும்பாலும் பார்டர் ரீவர்ஸ் அணிக்காகத்தான் ஓட்டினார். 24 மணி நேரம் ஓடும் லெ மான் பந்தயத்தில் ஜான் விட்மோருடன் மாறி மாறி ஒரு லோட்டஸ் எலீட்டை ஓட்டி, ஒட்டுமொத்தத்தில் பத்தாவது இடம். ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் அவர் முதன்முதலாகப் போட்டியிட்டதே 1959 டிசம்பர் 26 அன்றுதான், ஃபார்முலா ஒன்னுக்குக் கீழ்ப்படியான ஃபார்முலா ஜூனியர் பிரிவில், ஜெமினி என்ற காரில். இதை ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நிற்கப் போகிறவர், அதுவரை ஒற்றை இருக்கைக் காரில் ஒரு பந்தயம்கூட ஓட்டியிருக்கவில்லை.

1960 தொடக்கத்தில் அவரை இரண்டு பக்கமிருந்து கூப்பிட்டார்கள். ஆஸ்டன் மார்ட்டின் அணியின் ரெஜ் பார்னெல் ஃபார்முலா ஒன் காருக்குக் கூப்பிட்டார். சாப்மன் தன் ஃபார்முலா ஜூனியர், ஃபார்முலா டூ கார்களுக்குக் கூப்பிட்டார். மார்ச்சில் குட்வுட்டில் லோட்டஸ் ஜூனியர் காரில் ஓட்டி முதலிடம் பெற்றார். அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் மோட்டார் சைக்கிள் உலக சாம்பியன் ஜான் சர்ட்டீஸ். ஆஸ்டன் மார்ட்டினின் ஃபார்முலா ஒன் முயற்சி எடுபடவில்லை. ஜூனில் சர்ட்டீஸுக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம் இருந்ததால், நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் லோட்டஸ் காரில் ஓர் இடம் காலியாயிற்று. 1960 ஜூன் 6 அன்று அந்த இடத்தில் கிளார்க் உட்கார்ந்தார். முன்வரிசைக் கூட்டத்தோடு போட்டிபோட்டுக்கொண்டிருக்கையில் கியர் பகுதி பழுதாகி நின்றுபோனது. அதற்கு அடுத்தது டீச்சர் எழுதிய ஸ்பா. ஸ்பா முடிந்து ஒரே வாரத்தில், மனம் நொந்த நிலையிலும், ராய் சால்வடோரியோடு சேர்ந்து லெ மானில் பார்டர் ரீவர்ஸ் அணியின் ஆஸ்டன் மார்ட்டினை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்தார். அதாவது ஃபார்முலா ஒன்னுக்குப் போன பிறகும், தன்னைத் தூக்கிவிட்ட ஊர் அணியைக் கைவிடவில்லை. ஆகஸ்டில் போர்ச்சுகலில் மூன்றாவது இடம். அந்த முதல் ஆண்டில் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 8.

நிலத்தைப் பற்றி அம்மா கேட்டதற்கு வருகிறேன். அவர் நிலத்தை விடவில்லை. தொடக்க ஆண்டுகளில் வார இறுதியில் பந்தயம், திங்கட்கிழமை பண்ணை என்றுதான் வாழ்க்கை ஓடியது. முழுநேரப் பந்தயக்காரரான பிறகு கண்காணிப்புக்கு ஆள் வைத்து நடத்தினார். பருவத்தின் இடைவெளிகளில் திரும்பி வந்து ஆட்டுக் கிடையையும் வயலையும் சுற்றி வந்தவர். காருக்குள் அவ்வளவு நிதானமாக இருந்தவர், வெளியே சின்ன முடிவுக்குக்கூட நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார் என்று உடனிருந்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். பண்ணையா பந்தயமா என்று அவர் ஒரே நாளில் தீர்மானித்துவிடவில்லை. நாலு ஆண்டு இழுத்தது அது. அதனால் நீங்களும் உங்கள் மகனும் ஒரே ராத்திரியில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

நான் சொல்வது இதுதான். கோயம்புத்தூரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. உங்கள் மகன் படிக்கும் ஊர். நாட்டின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் அந்த ஊர்க்காரர்தான். ஒரு நாள் அங்கே வாடகைக்குக் கார்ட் ஓட்டக் கொடுக்கும் இடத்துக்கு நீங்களும் கூடப் போங்கள். அவனை ஓட்டச் சொல்லிவிட்டு, அதே வண்டியில் அவனுக்கு முன்னும் பின்னும் ஓட்டுகிறவர்களின் சுற்று நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வேகமான ஒரு சுற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். பத்துச் சுற்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். வண்டி ஒன்றாக இருக்கும்போது கடிகாரம் பொய் சொல்லாது. ஸ்காட் வாட்சன் கிரைமண்டில் பார்த்ததும் அதைத்தான்.

பதில்: தென்காசி ஆசிரியை

பாளை அண்ணாச்சி சொன்ன யோசனையை நானும் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் அவன் தலைக்கு அளவாக இருக்கின்றனவா என்று நீங்களே கையால் அசைத்துப் பாருங்கள், அங்கே இருப்பவர் போதும் என்று சொன்னாலும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: சேரன்மகாதேவி உழவன்

பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றங்கால் போட்டிருக்கிறேன். நடவு முடிய இன்னும் மூன்று வாரம் ஆகும். அது முடிந்ததும் கோயம்புத்தூர் போவதாக மகனிடம் நேற்று இரவு சொல்லிவிட்டேன். அவன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நடவுக்கு நானும் வந்துவிடுகிறேன் அப்பா, சேர்ந்தே போகலாம் என்றான். போய் வந்ததும் பத்துச் சுற்றின் நேரத்தையும் இங்கே எழுதுகிறேன். பாளை அண்ணாச்சி பார்த்துச் சொல்ல வேண்டும்.